சேலத்தில் 99, ஏற்காட்டில் 95: ஒரு கற்றல் விளைவு பாடமாகும் விதம் – நிகழ்வு ஆய்வு

ஏழாம் வகுப்பு அறிவியல் ஆசிரியரின் பாடக்குறிப்பேட்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் மேலே கற்றல் விளைவின் (பாடம் முடிந்ததும் மாணவர் செய்யத் தெரிந்திருக்க வேண்டியதன்) எண் எழுதப்பட்டிருக்கும். அதன் கீழே அறிமுகம், படித்தல், மனவரைபடம், தொகுத்தல், வலுவூட்டுதல், மதிப்பீடு, குறைதீர் கற்றல், எழுதுதல், தொடர்பணி என்று பழகிய வரிசை. ஒரு சோதனை செய்து பாருங்கள். மேலே இருக்கும் எண்ணை அழித்துவிட்டு வேறோர் எண்ணை எழுதுங்கள். கீழே ஒரு வரியாவது மாற வேண்டியிருக்கிறதா? பெரும்பாலான குறிப்பேடுகளில் மாறாது. பயிற்சிகளில் எவ்வளவு பேசினாலும், கற்றல் விளைவுக்கும் வகுப்பறைக்கும் இடையிலான இழை அறுந்து கிடப்பது இந்த இடத்தில்தான்.

அந்த இழையை ஒரே ஒரு பாடத்தில் எப்படிக் கட்டுவது என்பதைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கிறோம். பாடம்: நீர் கொதித்தல். இடம்: சேலம் கோரிமேட்டுப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி, ஏற்காட்டில் ஓர் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி. இரண்டுக்கும் நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயர வேறுபாடு. இந்தப் பாடத்துக்கு வேறெங்கும் எளிதில் அமையாத ஆய்வுக்கூடம் சேலம் மாவட்டத்துக்கு இயற்கையாகவே அமைந்திருக்கிறது.

வினைச்சொல்லில் தொடங்குவது

தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் 2017இல் வெளியிட்ட தொடக்கநிலைக் கற்றல் விளைவுகளில், ஏழாம் வகுப்பு அறிவியலுக்கு உரியவை சில: எளிய ஆய்வுகளைச் செய்து வினாக்களுக்கு விடை தேடுதல், நிகழ்வுகளைக் காரணங்களோடு தொடர்புபடுத்துதல், வெப்பநிலை போன்றவற்றை அளத்தல், வரைபடம் வரைந்து பொருள் கொள்ளுதல். நான்கிலும் முக்கியம் வினைச்சொல். அந்த வினையைச் செய்ய வேண்டியவர் மாணவர். ‘நீரின் கொதிநிலை 100 டிகிரி செல்சியஸ்’ என்று சொல்லத் தெரிவது இவற்றில் எதற்கும் விடையாகாது.

ஆகவே இந்தப் பாடத்துக்காக ஆசிரியர்கள் கூடும் மூன்று கூட்டங்களில் முதலாவதில் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். ஒரு விளைவை எடுத்து, அதன் வினைச்சொல்லை அடிக்கோடிட்டு, அதை மாணவர் கையில் ஒரு வேலையாகவும் ஆசிரியர் வாயில் ஒரு கேள்வியாகவும் மாற்றி எழுதுவது. ‘காரணத்தோடு தொடர்புபடுத்துதல்’ என்பது இந்தப் பாடத்தில் இப்படி வரும்: “ஏற்காட்டில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று நினைக்கிறாய்? ஏன்?” வேலை: இரண்டு இடத்து அளவுகளையும் வைத்து, காரணம் குளிரா காற்றழுத்தமா என்று முடிவு செய்து, சான்றைக் காட்டி எழுதுதல். இதற்கு ஒன்றரை மணி நேரமாவது பிடிக்கும். பல விளைவுகளை ஒரே கூட்டத்தில் முடிக்க முயன்றால் மறுபடியும் எண் எழுதும் வேலையில்தான் போய் நிற்கும்.

மாணவர் தலையில் ஏற்கெனவே இருப்பது

கற்றல் ஆய்வு இங்கேதான் உதவிக்கு வருகிறது. நியூசிலாந்தில் ஆஸ்போர்னும் காஸ்க்ரோவும் 1983இல் வெளியிட்ட ஆய்வில், கொதிக்கும் நீரின் குமிழிக்குள் என்ன இருக்கிறது என்று பல வயது மாணவர்களிடம் கேட்டார்கள். உள்ளே இருப்பது நீராவி; ஆனால் காற்று, வெப்பம், ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் என்றெல்லாம் விடைகள் வந்தன. கடைசி விடையைக் கவனியுங்கள். சின்னக் குழந்தைக்கு ஹைட்ரஜன் தெரியாது. அது பாடம் படித்ததால் வந்த தவறு. கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் மேலே மேலே பாடம் நடத்தினால், பாடமே தவறுக்குக் கல் எடுத்துக் கொடுத்துவிடும்.

இந்தப் பாடத்தில் நம் பிள்ளைகளிடம் எதிர்பார்க்க வேண்டிய தவறான கருத்துகள் நான்கு. குமிழியில் காற்று இருக்கிறது. தீயைக் கூட்டினால் கொதிக்கும் நீரின் வெப்பநிலை இன்னும் ஏறும். கொதிநிலை எங்கும் 100தான், புத்தகத்தில் இருக்கிறது. மலையில் குளிர் அதிகம், அதனால்தான் கொதிநிலை மாறுகிறது. நான்காவதுதான் மிகக் கடினம். அதற்கு நல்ல காரணம் உண்டு: மலை ஏற ஏற உயரம், குளிர், காற்றழுத்தம் மூன்றும் சேர்ந்தே மாறுகின்றன. பிள்ளைகள் கண்ணுக்கும் தோலுக்கும் தெரிவது குளிர் மட்டும். அவர்கள் சொல்வது முட்டாள்தனமில்லை. கையில் இருக்கும் சான்றுக்கு அது நியாயமான ஊகம். ஆசிரியர் இதை உணர்ந்தால் கேள்வி கேட்கும் தொனியே மாறும்.

மலைப் பள்ளியில் இன்னொரு செல்வம் இருக்கிறது. திறந்த பானையில் பருப்பு வேக நேரமாகும் என்பது ஏற்காட்டு வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சாமைச் சோறு வடிக்கும் அம்மாவிடம் கேட்டு எழுதி வரச் சொன்னால், அந்தக் குறிப்பே பாடத்தின் முதல் சான்று. கீழே இருக்கும் பள்ளிக்கு அது கிடைக்காது; அவர்கள் மேலே இருப்பவர்களிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். இரண்டு பள்ளிகளையும் இணைப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

வரிசையில் ஒரு மாற்றம்

கல்வி ஆய்வாளர்கள் ரிச்சர்ட் வைட்டும் ரிச்சர்ட் கன்ஸ்டோனும் பரவலாக்கிய முறை ஒன்று உண்டு: முன்கூறு, உற்றுநோக்கு, விளக்கு. மாணவர் முதலில் என்ன நடக்கும் என்று காரணத்தோடு எழுதுகிறார், பிறகு பார்க்கிறார், பிறகு தான் எழுதியதற்கும் பார்த்ததற்கும் உள்ள இடைவெளியை விளக்குகிறார். முறை எளிது. நம் பாடக்குறிப்பு வரிசையில் அதை எங்கே வைப்பது என்பதில்தான் தவறு நேர்கிறது. ‘படித்தல்’ முடிந்த பிறகு சோதனையை வைத்தால் முன்கூறல் செத்துவிடும். புத்தகத்தில் 100 என்று படித்த பிள்ளை 100 என்றுதான் எழுதும். அது முன்கூறல் ஆகாது, பார்த்து எழுதுதல். எனவே முன்கூறல் ‘அறிமுக’த்தில் வர வேண்டும். உற்றுநோக்கல் அதைத் தொடர வேண்டும். ‘படித்தல்’ அதற்குப் பின். மற்றப் படிகள் அப்படியே இருக்கலாம். குறிப்பேட்டைப் பார்க்க வரும் அலுவலருக்கும் எல்லாத் தலைப்பும் இருக்கும்.

முன்கூறலைப் பேனாவில் எழுத வைப்பது அவசியம். பென்சிலில் எழுதினால் சோதனை முடிந்ததும் ரப்பர் வேலை செய்துவிடும்.

கருவிகளும் அளவுகளும்

ஒரு குழுவுக்கு: 250 மி.லி. பீக்கர், 100 மி.லி. தண்ணீர், முக்காலி, கம்பிவலை, சாராய விளக்கு, தாங்கி, –10 முதல் 110 டிகிரி வரையிலான ஆய்வக வெப்பநிலைமானி, கடிகாரம். சாராய விளக்கில் 200 மி.லி. வைத்தால் கொதி வருவதற்குள் பாடவேளை முடிந்துவிடும், 100 மி.லி.தான் சரி. அரை நிமிடத்துக்கு ஒரு முறை அளவெடுத்து, கொதி வந்த பிறகும் ஐந்து நிமிடம் தொடர வேண்டும். வரைபடத்தில் கோடு ஏறி, பிறகு படுத்துக்கொள்ளும் அந்தத் தட்டையான பகுதிதான் பாடத்தின் இதயம். அங்கே இரண்டாவது விளக்கை நகர்த்தி வைத்து, “இப்போது ஏறுமா?” என்று கேளுங்கள். குமிழி கூடும், ஆவி கூடும், அளவு அசையாது. கொதி வந்ததும் அடுப்பைக் குறைத்தாலும் சோறு அதே வேகத்தில் வேகும் என்பதை அன்று மாலையே வீட்டில் பிள்ளைகள் சொல்வார்கள்.

எதிர்பார்க்க வேண்டிய அளவுகள்: சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், அங்கே கொதிநிலை 99ஐ ஒட்டி இருக்கும். ஏற்காடு 1,400 முதல் 1,500 மீட்டர்; அங்கே 95ஐ ஒட்டி. சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும் என்பது இந்த உயரங்களுக்குப் போதுமான கணக்கு.

எங்கே தவறும்

முதல் தவறு வெப்பநிலைமானியில். ஒரே பெட்டியில் இருக்கும் நான்கு மானிகள் நான்கு அளவு காட்டும். கீழ்ப் பள்ளி ஒரு மானியாலும் மேல்ப் பள்ளி வேறொன்றாலும் அளந்தால், கிடைக்கும் நான்கு டிகிரி வேறுபாட்டில் எவ்வளவு மலையுடையது, எவ்வளவு மானியுடையது என்று பிரிக்க முடியாது. தீர்வு மிக எளிது: ஒரே மானி பேருந்தில் ஏறி மேலே போக வேண்டும். அது ஒரு டிகிரி குறைத்துக் காட்டினாலும் இரண்டு இடத்திலும் ஏறத்தாழ அதே அளவு குறைத்துக் காட்டும், வேறுபாடு பிழைக்கும். புறப்படும் முன் நொறுக்கிய பனிக்கட்டியும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த டம்ளரில் வைத்து 0 காட்டுகிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மானியின் குமிழ் பீக்கரின் அடியைத் தொடக் கூடாது. தொட்டால் அளவு கூடிக் காட்டும். அடியிலிருந்து ஒரு விரல் அகலம் மேலே தாங்கியில் பிடித்து நிறுத்துங்கள். பிள்ளை கையில் பிடித்தால் நிச்சயம் தொடும்.

மூன்றாவது பலருக்குத் தெரியாதது. முழுவதும் அமிழ்த்தி அளவிடுவதற்காகச் செய்யப்பட்ட பாதரச மானியின் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், வெளியே இருக்கும் பாதரசம் குளிர்ந்தே இருக்கும். 80 டிகிரி அளவுக்குத் தண்டு வெளியே நின்றால் கொதிநிலையில் ஏறத்தாழ 0.8 டிகிரி குறைந்து காட்டும். சேலத்தில் 98 மட்டுமே வருகிறதே என்று திகைக்கும் ஆசிரியருக்கு இதுவே பெரும்பாலும் விடை. ‘சோதனை தவறிவிட்டது’ என்று மாணவர் முன் சொல்லிவிட்டுப் புத்தக அளவை எழுதச் சொல்வதுதான் பெரும் நட்டம். அன்றே அந்த வகுப்பு, அளவை நம்பாதே, புத்தகத்தை நம்பு என்று கற்றுக்கொள்கிறது. பாதரச மானியைத் தவிர்த்துச் சிவப்புத் திரவ மானியோ மின்னணு மானியோ பயன்படுத்துவது பாதுகாப்பு. பாதரசம் உடைந்தால் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்து, பிள்ளைகளை வெளியே அனுப்பி, தடித்த தாளால் உருண்டைகளைச் சேர்த்து மூடியுள்ள புட்டியில் அடைக்க வேண்டும்.

நான்காவது, கைபேசி. சில கைபேசிகளில் காற்றழுத்த உணரி இருக்கிறது. அது சேலத்தில் சுமார் 980, ஏற்காட்டில் 850 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) பக்கம் காட்டும், அருமையான சான்று. ஆனால் வானிலைச் செயலியில் வரும் அழுத்தத்தை எடுத்துவிடாதீர்கள். அது கடல் மட்டத்துக்குத் திருத்தப்பட்ட அளவு, இரண்டு ஊரிலும் 1,010ஐ ஒட்டியே நிற்கும். அதை நம்பினால் பாடம் முழுவதும் தலைகீழாகிவிடும். உணரி இல்லாத கைபேசி என்றால் ஒரு காலி தண்ணீர் பாட்டில் போதும்: ஏற்காட்டில் இறுக மூடி, அடிவாரத்தில் எடுத்துப் பாருங்கள், பக்கங்கள் ஒடுங்கியிருக்கும். மேலே போகும்போது உப்பும் சிப்ஸ் பொட்டலமும் பேருந்தில் அடைக்கும் காதும் அதே சேதியைச் சொல்பவைதான்.

ஆசிரியர்கள் தவறாமல் எழுப்பும் ஐயம் ஒன்று உண்டு: சேலத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாயிற்றே, அது கொதிநிலையை மாற்றாதா? லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு கரைந்திருந்தால் ஏறும் அளவு 0.02 டிகிரிதான். பள்ளி மானிக்கு அது தெரியாது. 100 மி.லி.யில் ஒரு தேக்கரண்டி சமையல் உப்பைக் கொட்டினால்தான் ஒரு டிகிரி பக்கம் நகரும்.

குளிரா, அழுத்தமா

இரண்டு அளவும் கரும்பலகையில் வந்ததும் பாடம் முடிந்ததாகத் தோன்றும். உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. 99, 95 என்ற இரு எண்களும் ‘குளிர்’ என்ற விளக்கத்தை அசைக்கவே இல்லை; உறுதிப்படுத்துகின்றன. பல ஆசிரியர்கள் இந்த இடத்தில் “காற்றழுத்தம் குறைவு” என்று தாமே சொல்லி முடித்துவிடுகிறார்கள். பிள்ளைகளும் எழுதிக்கொள்கிறார்கள். மனதில் குளிர் அப்படியே இருக்கிறது.

பிரிப்பதற்கு 20 மி.லி. ஊசி இல்லாத சிரிஞ்சும் அதன் மூடியும் வேண்டும். ஒரு முறை கொதிக்கவைத்து 60 டிகிரி வரை ஆறிய தண்ணீரில் 5 மி.லி. இழுத்து, முனையை மேலே பிடித்து உள்ளே இருக்கும் காற்றை முழுவதும் வெளியேற்றி, மூடியைப் போட்டு, சிரிஞ்சைத் துணியால் சுற்றிப் பிடித்து உலக்கையை (சிரிஞ்சுக்குள் நகரும் தண்டை) பின்னால் இழுக்க வேண்டும். 60 டிகிரி நீர் குமிழியிட்டுக் கொதிக்கும். குளிர்விக்கவில்லை, சூடாக்கவில்லை, அழுத்தம் மட்டும் குறைந்தது. சுடுநீருக்கு வகுப்பில் அடுப்பு வேண்டாம், சத்துணவுக் கூடத்திலிருந்து பிளாஸ்கில் வாங்கிக்கொள்ளலாம். ஊற்றும் வேலை ஆசிரியருடையது.

இதிலும் ஏமாற்று உண்டு. காற்று கொஞ்சம் மிச்சமிருந்தால் அது விரிந்து பெருங்குமிழியாகும். பிள்ளைகள் அதைக் கொதித்தல் என்பார்கள். கொதிக்கவைக்காத தண்ணீரில் கரைந்திருந்த காற்றும் அப்படியே வெளிவரும். வேறுபடுத்த வழி: உலக்கையை மெல்ல விடுங்கள். நீராவிக் குமிழி சுவடில்லாமல் மறையும். காற்றுக் குமிழி சுருங்கினாலும் ஒரு பொட்டாக நிற்கும். ‘குமிழியில் காற்று’ என்ற முதல் கருத்தையும் இதே சிரிஞ்ச் தொட்டுவிடுகிறது, அதனால் இதற்கு ஒரு முழுப் பாடவேளை கொடுப்பது தகும்.

இன்னொரு வழி பொறுமையுள்ள பள்ளிக்கு: மார்கழிக் காலையிலும் சித்திரை மதியத்திலும் அதே மானியால் சேலத்திலேயே அளப்பது. அறை பத்து, பதினைந்து டிகிரி மாறியிருக்கும். கொதிநிலை பள்ளி மானியில் தெரியும்படி மாறாது.

கேள்விக்குப் பின் வரும் அமைதி

கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் அமெரிக்க வகுப்பறைகளில் அளந்து காட்டியது: கேள்வி கேட்ட பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள்; மூன்று நொடியாக நீட்டியபோது விடைகள் நீண்டன, தாமாகப் பேசும் பிள்ளைகள் கூடினார்கள். “ஏன் 95?” என்ற கேள்விக்கு இந்த மூன்று நொடி உயிர்நாடி. ஒரு நொடியில் வரும் விடை ‘குளிர்’ மட்டுமே. மூன்று நொடி கேட்பதற்குச் சின்னது. வகுப்பின் முன்னால் நிற்கும்போது மிக நீளம். உடன் இருக்கும் ஆசிரியர் கடிகாரம் பார்த்துச் சொன்னாலன்றி யாருக்கும் தன் வேகம் தெரியாது.

உடன் இருக்கும் ஆசிரியர் என்பது இங்கே ஏதோ கூடுதல் வசதி இல்லை. ஆசிரியர் பயிற்சியை ஆய்ந்த புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களில் தொடங்கி வலியுறுத்தியது இதைத்தான்: விளக்கவுரையும் செய்துகாட்டலும் மட்டும் வகுப்பறைக்குள் போய்ச் சேர்வதில்லை; வகுப்பில் செய்து பார்க்கும்போது சக ஆசிரியரின் துணை தொடர்ந்து வேண்டும். குறுவள மையக் கூட்டத்தில் (அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் பயிற்சியில்) திரையில் படவில்லைகளை ஓட்டிக் காட்டி அனுப்பினால் என்ன ஆகும் என்பது கூட்டத்துக்குப் போன எல்லோருக்கும் தெரியும்.

எனவே முதல் கூட்டத்துக்கும் இரண்டாம் கூட்டத்துக்கும் நடுவே, ஒருவர் நடத்த மற்றவர் உட்கார வேண்டும். கடைசி பெஞ்சில் உட்காரக் கூடாது. அங்கிருந்து ஆசிரியரின் முகம்தான் தெரியும். ஒரு குழுவின் பக்கத்தில், நான்கு பிள்ளைகளுக்கு அருகே உட்கார்ந்து, அவர்கள் பேசுவதை அவர்கள் சொற்களிலேயே எழுத வேண்டும். ஆசிரியரைப் பற்றி ஒரு வரியும் எழுதக் கூடாது. வகுப்பைப் பார்க்க ஒருவர் வந்தாலே அது ஆய்வு, கையெழுத்து, குறை என்று பழகிப்போன இடத்தில் இந்த விதி மிக முக்கியம். வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநர் வந்தால் அவருக்கும் இதே விதி. அன்று பதிவேடு கேட்கக் கூடாது.

இரண்டாம் கூட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டியது பிள்ளைகளின் நோட்டுகளும் அந்தக் குறிப்புகளும். நோட்டுகளை மூன்று அடுக்காகப் பிரியுங்கள்: சிரிஞ்சைச் சான்றாகக் காட்டி அழுத்தம் என்று எழுதியவை, சான்றில்லாமல் அழுத்தம் என்று எழுதியவை, இன்னும் குளிர் என்பவை. நடு அடுக்கைத்தான் வழக்கமான மதிப்பீடு சரி என்று முழு மதிப்பெண் கொடுத்து அனுப்பிவிடும். கற்றல் விளைவு கேட்பதோ ‘காரணத்தோடு தொடர்புபடுத்துதல்’. அந்த அடுக்கைப் பிரிக்க, வளரறி மதிப்பீட்டில் (பாடம் நடக்கும்போதே செய்யும் மதிப்பீட்டில்) இப்படிக் கேட்கலாம்: ஏற்காட்டில் ஓர் அறையைச் சேலம் அளவுக்குச் சூடாக்கி, உள்ளே தண்ணீர் வைத்தால் கொதிநிலை எவ்வளவு? ‘99’ என்று எழுதும் பிள்ளையிடம் அழுத்தம் என்ற சொல் மட்டும்தான் இருக்கிறது. 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் எவ்வளவு இருக்கும் என்று வரைபடத்தை நீட்டிச் சொல்லச் சொன்னால் 92.5 பக்கம் வர வேண்டும். திறந்த பானையில் ஏற்காட்டுப் பருப்பு தாமதமாகிறது, குக்கரில் ஏன் அவ்வளவு தாமதமில்லை என்ற கேள்வி முதல் அடுக்குப் பிள்ளைகளுக்கு. குக்கரின் எடை வெளிக்காற்றழுத்தத்தின் மேல் ஏறத்தாழ இன்னொரு மடங்கு அழுத்தத்தைச் சேர்ப்பதால் உள்ளே சேலத்தில் சுமார் 120, ஏற்காட்டில் சுமார் 118. நான்காக இருந்த இடைவெளி இரண்டாகிவிடுகிறது.

கடைசியாக இருக்கும் ஒரு முடிச்சை மறைப்பதில் பயனில்லை. இத்தனையும் செய்த பிறகும், குமிழியை வரைந்து உள்ளே என்ன என்று குறிக்கச் சொன்னால் ‘காற்று’ என்று எழுதும் பிள்ளைகள் இருப்பார்கள். அழுத்தத்தைப் பற்றி நன்றாகப் பேசும் பிள்ளையே அப்படி எழுதும். துகள் மாதிரி (பொருள்கள் நுண்துகள்களால் ஆனவை என்று கொண்டு விளக்கும் முறை) இன்னும் கைவராத வயதில் ஏழாம் வகுப்பு இதை முழுவதும் அவிழ்க்காது. நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்தவர்கள் ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போகிறார்கள்; அங்கே பருப்பொருள் பாடம் எடுப்பவருக்கு இவர்கள் எங்கே நின்றார்கள் என்று தெரியவே வழியில்லை. அந்தக் குமிழிப் படங்களைப் பெயர் மறைத்துப் படமெடுத்து, எந்தெந்த விடை வந்தது என்று ஒரு பக்கம் எழுதி, அந்த ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் கையில் சேர்ப்பதுதான் மூன்றாம் கூட்டத்தின் வேலை.